கணினி வாங்குவது இப்போதா, இன்னும் ஆறு மாதம் கழித்தா?

அலை ஓய்ந்த பிறகு கடலாடலாம் என்று கரையில் உட்கார்ந்திருப்பவன் கடைசி வரை குளிக்க மாட்டான் என்பது பழமொழி. கணினி வாங்கும் விஷயத்தில் பல குடும்பங்களின் நிலை இதுதான். பிள்ளை எஸ்.பி.எம். முடித்து மேற்படிப்புக்குத் தயாராகிறது. மடிக்கணினி தேவை. கடையில் விலை கேட்டால், "அடுத்த மாதம் புது மாடல் வருகிறது" என்கிறார் விற்பனையாளர். "வருடக் கடைசியில் மலிவு விற்பனை இருக்கிறது, அவசரப்படாதே" என்கிறார் சித்தப்பா. "விலை ஏறப் போகிறது, இப்போதே வாங்கிவிடு" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். மூவரும் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் முடிவெடுக்க வேண்டிய பெற்றோருக்குக் குழப்பம்தான் மிஞ்சுகிறது.

இரண்டாயிரம், மூவாயிரம் வெள்ளி என்பது மாதச் சம்பளக்காரர் குடும்பத்திற்குச் சிறிய தொகை அல்ல. அவசரப்பட்டு வாங்கினால் பணம் போகும். அளவுக்கு மீறிக் காத்திருந்தால் காலம் போகும். இரண்டில் எது எப்போது பெரிய இழப்பு என்று தெரிந்துகொள்வதே இவ்வார அரங்கின் நோக்கம்.

'காத்திரு' என்ற அறிவுரை எங்கிருந்து வந்தது?

கணினி வாங்கக் காத்திருப்பதே புத்திசாலித்தனம் என்ற எண்ணம் காரணமில்லாமல் பிறந்ததல்ல. 1965-ஆம் ஆண்டில் கோர்டன் மூர் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு சில்லில் பொருத்தக்கூடிய டிரான்சிஸ்டர்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் இரு மடங்காகும் என்று அதில் கணித்தார். 1975-இல் அதையே இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை இரு மடங்கு என்று திருத்தினார். 'மூர் விதி' என்று உலகம் அழைப்பது இதைத்தான். அவர் 1968-இல் சேர்ந்து தொடங்கிய இன்டெல் நிறுவனம், அமெரிக்காவுக்கு வெளியே தனது முதல் ஆலையை 1972-இல் அமைத்தது நம் பினாங்கில்தான். பாயான் லெப்பாசில் தலைமுறை தலைமுறையாக மலேசியர்கள் பார்த்த வேலை இந்தச் சில்லுகளைப் பொருத்துவதும் சோதிப்பதும்.

இந்த வளர்ச்சியின் வேகத்தை எண்களில் பார்த்தால் வியப்பாக இருக்கும். 1971-இல் வந்த இன்டெல் 4004 என்ற புரோசசரில் இருந்தவை சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள். 2020-இல் ஆப்பிள் வெளியிட்ட எம்1 சில்லில் இருந்தவை 1,600 கோடி.

1990-களில் இந்த வளர்ச்சி வாங்குபவரின் கைக்கு நேரடியாக வந்து சேர்ந்தது. 1993-இல் முதல் பென்டியம் 60 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் வந்தது. 2000-ஆம் ஆண்டில் 1 கிகாஹெர்ட்ஸ் என்ற எல்லை தாண்டப்பட்டது. 2002-இல் 3 கிகாஹெர்ட்ஸ். ஒன்பதே ஆண்டுகளில் ஐம்பது மடங்கு! அந்தக் காலத்தில் ஜனவரியில் வாங்கிய கணினி டிசம்பரில் பழையதாகிவிட்டது என்று சொன்னால் அது மிகையல்ல. ஆறு மாதம் பொறுத்தவருக்கு அதே விலையில் கண்கூடாக வேகமான கணினி கிடைத்தது. அன்று பிறந்த அறிவுரைதான் இன்றும் சித்தப்பாக்களின் வாயில் வாழ்கிறது.

விதி மாறிய இடம்

ஆனால் 2004-ஆம் ஆண்டில் ஒரு திருப்பம் நேர்ந்தது. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வரும் என்று அறிவித்திருந்த இன்டெல், அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. வேகத்தைக் கூட்டக் கூட்டச் சில்லு தாங்க முடியாத அளவுக்குச் சூடானதே காரணம். அதன் பிறகு நிறுவனங்கள் வழியை மாற்றிக்கொண்டன. ஒரே மூளையை இன்னும் வேகமாக ஓட வைப்பதற்குப் பதிலாக, ஒரு சில்லில் இரண்டு, நான்கு, எட்டு மூளைகளை வைத்தன. படத்தொகுப்பு, முப்பரிமாண வரைபடம் போன்ற கனமான வேலைகளுக்கு இதனால் பெரிய பயன் உண்டு. கடிதம் தட்டச்சு செய்யவும், இணையம் பார்க்கவும், இயங்கலை வகுப்பில் உட்காரவும் அந்த அளவு வித்தியாசம் தெரியாது.

இதன் பொருள் என்ன? முன்பு ஆறு மாதக் காத்திருப்புக்குக் கிடைத்த பரிசு பெரிது. இன்று அது சிறிது. ஐந்து வயதான நல்ல மடிக்கணினி இன்றும் அலுவலக வேலைக்குப் போதுமானதாக இருப்பதற்கும் இதுவே காரணம். புதியது வருகிறதே என்று ஏங்கவும் தேவையில்லை, பழையதைத் தூக்கி எறியவும் தேவையில்லை.

காத்திருந்தவர்கள் கவிழ்த்த கம்பெனி

வாங்குபவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் 'அடுத்தது வரட்டும்' என்று காத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கணினி உலகில் ஒரு புகழ்பெற்ற கதை உண்டு. அந்தக் கதையின் நாயகனுக்குத் தமிழ் மண்ணோடு தொடர்பும் உண்டு.

ஆடம் ஆஸ்போர்ன் 1939-இல் பேங்காக்கில் பிறந்தவர். தந்தை ஆர்தர் ஆஸ்போர்ன், ரமண மகரிஷியைப் பற்றி நூல்கள் எழுதிய ஆங்கிலேயர். இரண்டாம் உலகப் போரின்போது தந்தை ஜப்பானியரின் சிறையில் இருக்க, தாயும் பிள்ளைகளும் திருவண்ணாமலையில் வாழ்ந்தார்கள். ஆடம் சிறுவயதில் தமிழ் பேசி வளர்ந்தார். பின்னர் அமெரிக்கா சென்று, 1981-இல் 'ஆஸ்போர்ன் 1' என்ற கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். கையில் தூக்கிச் செல்லக்கூடிய கணினிகளில் வணிக வெற்றி கண்ட முதல் கணினி அதுதான். எடை ஏறக்குறைய 11 கிலோ, திரை வெறும் 5 அங்குலம், விலை 1,795 அமெரிக்க டாலர். மென்பொருள்களையும் சேர்த்தே கொடுத்ததால் மக்கள் விரும்பி வாங்கினார்கள்.

1983-இன் தொடக்கத்தில் நிறுவனம் தனது அடுத்த மாடல்களைப் பற்றிப் பேசத் தொடங்கியது. புதியவை இன்னும் கடைக்கு வரவில்லை. ஆனால் செய்தி வந்துவிட்டது. கடைக்காரர்கள் பழைய மாடலுக்குக் கொடுத்த ஆர்டர்களை ரத்து செய்தார்கள். சரக்கு தேங்கியது, பணவரவு நின்றது. அதே ஆண்டு செப்டம்பரில் நிறுவனம் திவாலானது. அதே விலையில் பெரிய திரையோடு வந்த கேப்ரோ கணினியின் போட்டியும், நிர்வாகக் குறைகளும் சேர்ந்துதான் நிறுவனத்தைச் சாய்த்தன என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். இருந்தாலும் 'ஆஸ்போர்ன் விளைவு' என்ற பெயர் வணிக உலகில் நிலைத்துவிட்டது. ஆடம் ஆஸ்போர்ன் தம் கடைசி ஆண்டுகளில் தமிழகம் திரும்பி, 2003-இல் கொடைக்கானலில் காலமானார்.

இந்தக் கதையில் நிறுவனங்கள் படித்த பாடம் ஒன்று: புதியதைப் பற்றி முன்கூட்டியே வாய் திறக்கக் கூடாது. வாங்குபவர் படிக்க வேண்டிய பாடம் வேறு. 'அடுத்த மாடல்' எப்போதும் ஒன்று இருக்கும். அது வந்த மறுநாளே அதற்கும் அடுத்த மாடலைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடும். எனவே 'புதியது வருகிறது' என்பது மட்டுமே காத்திருப்பதற்குக் காரணமாக முடியாது.

காத்திருப்புக்கும் விலை உண்டு

கணினி விலை காலப்போக்கில் குறையும் என்பது பொது விதி. ஆனால் அது நேர்க்கோட்டில் குறைவதில்லை. 2011-இல் தாய்லாந்தில் பெருவெள்ளம் வந்தது. உலகின் ஹார்ட் டிஸ்க் தயாரிப்பில் பெரும்பங்கு வகித்த ஆலைகள் நீரில் மூழ்கின. சில வாரங்களில் ஹார்ட் டிஸ்க் விலை ஏறக்குறைய இரு மடங்கானது. 2020 முதல் 2022 வரை கோவிட் காலச் சில்லுத் தட்டுப்பாடு வந்தது. 2023-இல் நினைவகச் சில்லுகளின் விலை சரிந்தது. 2025-இன் இறுதியில் நிலைமை மீண்டும் தலைகீழானது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டதால் ரேம் விலை கிடுகிடுவென ஏறியது. மைக்ரோன் நிறுவனம் பொதுமக்களுக்கான தனது 'குருஷியல்' வணிகத்திலிருந்தே விலகப் போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. விலை இறங்கும் என்று காத்திருந்தவர்களில் சிலர் இலாபம் அடைந்தார்கள், சிலர் நட்டப்பட்டார்கள். எப்போது எது நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல எவராலும் இயலவில்லை.

பணத்தைவிடப் பெரிய விலை ஒன்றும் உண்டு. 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது மலேசியப் பள்ளிகள் மூடப்பட்டன. வகுப்புகள் இயங்கலைக்கு மாறின. அப்போது கல்வி அமைச்சு நடத்திய ஆய்வில், 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னியல் சாதனமும் இல்லை என்பது தெரியவந்தது. மடிக்கணினி வைத்திருந்தவர்கள் ஏறக்குறைய 9 விழுக்காடு மட்டுமே. பலர் தந்தையின் கைப்பேசியைப் பகிர்ந்துகொண்டு படித்தார்கள். தந்தை வேலைக்குப் போனால் கைப்பேசியும் போய்விடும், பாடமும் போய்விடும். மாணவர்களுக்கு 150,000 மடிக்கணினிகள் வழங்கும் திட்டம் 2021-ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டபோது, அந்தப் பள்ளியாண்டின் பெரும்பகுதி கடந்திருந்தது. வாங்க இயலாத ஏழைக் குடும்பங்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வசதி இருந்தும் 'பிறகு பார்க்கலாம்' என்று தள்ளிப்போட்டவர்களும் அப்போது திண்டாடினார்கள். கடைகளில் மலிவு மாடல்கள் கிடைக்கவில்லை. இழந்த பாடத்தை எந்தத் தள்ளுபடி விற்பனையும் திருப்பித் தருவதில்லை.

ஓர் எளிய கணக்கு

முடிவெடுக்க உதவும் எளிய கணக்கு ஒன்று உண்டு. 2,400 வெள்ளிக்கு ஒரு மடிக்கணினி வாங்கி நான்கு ஆண்டுகள், அதாவது 48 மாதங்கள், பயன்படுத்துவதாக வைத்துக்கொள்வோம். மாதத்திற்கு 50 வெள்ளி ஆகிறது. ஆறு மாதம் காத்திருந்தால் 300 வெள்ளி தள்ளுபடி கிடைக்கும் என்றால், அது ஆறு மாதப் பயன்பாட்டின் விலைக்குச் சரியாகப் போய்விடுகிறது. அந்த ஆறு மாதமும் கணினி உண்மையில் தேவைப்பட்டிருந்தால், காத்திருந்ததில் இலாபம் எதுவும் இல்லை. தேவைப்படவில்லை என்றால் 300 வெள்ளியும் முழு மிச்சம்.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி 'விலை குறையுமா?' என்பது அல்ல. 'இந்த மாதங்களில் கணினி இல்லாமல் என்ன வேலை நின்றுபோகும்?' என்பதே. பட்டியலிட்டுச் சொல்லும்படி வேலைகள் இருந்தால் வாங்கலாம். யோசித்தும் ஒன்றும் தோன்றாவிட்டால் காத்திருக்கலாம்.

எப்போது காத்திருப்பது சரி?

'பதறாத காரியம் சிதறாது' என்பதும் நம் பழமொழிதான். காத்திருப்பது அறிவுடைமையாகும் நேரங்களும் உண்டு.

முதலாவது, அடிப்படையே மாறப்போவதாக நிறுவனமே அறிவித்துவிட்ட நேரம். 2020 ஜூன் மாதம் ஆப்பிள் நிறுவனம், இன்டெல் சில்லுகளைக் கைவிட்டுச் சொந்தச் சில்லுகளுக்கு மாறப்போவதாக அறிவித்தது. நவம்பரில் எம்1 கணினிகள் வந்தன. வேகம் கூடியது, பேட்டரி நீடித்தது. அதே நிறுவனம், 2025-இல் வெளியிட்ட மேக் இயங்குதளப் பதிப்பே இன்டெல் கணினிகளுக்கான கடைசிப் பதிப்பு என்றும் அறிவித்துவிட்டது. 2020 ஜூனில் ஐந்து மாதம் பொறுத்தவருக்குக் கிடைத்த பயன் பெரிது. இது வதந்தியை நம்பிய காத்திருப்பு அல்ல. தேதியோடு வந்த அறிவிப்பை நம்பிய காத்திருப்பு.

இரண்டாவது, மாணவர் எந்தத் துறையில் சேரப்போகிறார் என்பது முடிவாகாத நேரம். கணக்கியல் மாணவருக்குப் போதுமான கணினி கட்டடக்கலை மாணவருக்குப் போதாது. கல்லூரியில் இடம் கிடைத்து, அவர்கள் கேட்கும் மென்பொருள் எது என்று தெரிந்த பிறகு வாங்கினால் இருமுறை செலவாகாது.

மூன்றாவது, வீட்டில் ஏற்கெனவே ஓடும் கணினி ஒன்று இருக்கும்போது. அதன் குறை சிறியது என்றால், ஆண்டிறுதி விற்பனைக்காகவோ, புது மாடல் வந்து முந்தைய மாடலின் விலை குறையும் நேரத்திற்காகவோ சில வாரங்கள் பொறுப்பதில் தவறில்லை.

மூன்றாவது வழி: பழையதைச் சீர்ப்படுத்துதல்

வாங்குவது, காத்திருப்பது என்ற இரண்டுக்கும் நடுவே இன்னொரு வழி இருக்கிறது. கணினி மெதுவாக இயங்குகிறது என்று புலம்புபவர்களில் பலருடைய கணினியில் புரோசசர் நன்றாகவே இருக்கும். சுழலும் தட்டு கொண்ட பழைய ஹார்ட் டிஸ்க்தான் அதன் காலைப் பிடித்து இழுக்கும். அதற்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. பொருத்தினால், நிமிடக்கணக்கில் திறந்த கணினி நொடிக்கணக்கில் திறக்கும். ரேம் 4 ஜிபி மட்டும் இருந்தால் அதை 8 அல்லது 16 ஆக்குவது அடுத்த படி. இவ்விரண்டுக்கும் 400 வெள்ளி ஆகி, கணினி இன்னும் இரண்டு ஆண்டுகள் உழைத்தால், மாதச் செலவு 17 வெள்ளிக்கும் குறைவு. ஆனால் மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் மாற்ற இயலாது. கடைக்காரரிடம் முதலில் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பழைய கணினிக்குச் செலவு செய்யும் முன் இன்னொன்றையும் பார்த்தாக வேண்டும். இன்று ஒரு கணினியின் ஆயுளைத் தீர்மானிப்பது வேகம் மட்டுமல்ல, பாதுகாப்பு மேம்பாடுகளும்தான். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்தது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. வீட்டுப் பயனாளர்கள் பதிவு செய்துகொண்டால் பெறக்கூடிய கூடுதல் பாதுகாப்புச் சலுகையும் 2026 அக்டோபர் 13 வரைக்கும் என்றே அறிவிக்கப்பட்டது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு அம்சமும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய புரோசசரும் வேண்டும். இந்தத் தகுதி உள்ள கணினிக்குச் செலவு செய்யலாம். தகுதி இல்லாத கணினியில் வங்கிக் கணக்கு பார்ப்பதும் வரி செலுத்துவதும் ஆபத்து. அதற்குப் பணம் போடுவதைவிடப் புதியது வாங்குவதே மேல். நிறுவனங்கள் பயன்படுத்திக் கழித்த மடிக்கணினிகளை மலிவாக வாங்குபவர்களும் இதே சோதனையைச் செய்ய வேண்டும். விலை 600 வெள்ளிதானே என்று ஏழாம் தலைமுறைக் கணினியை வாங்கி ஏமாறக் கூடாது.

வரிக் கழிவைத் தப்பாகக் கணக்கிட வேண்டாம்

ஆண்டு முடியும் நேரத்தில் பலர் கணினி வாங்க ஓடுவதற்கு வருமான வரிக் கழிவும் ஒரு காரணம். 2017 மதிப்பீட்டு ஆண்டு முதல் மலேசியாவில் வாழ்க்கைமுறைச் செலவுக்கு 2,500 வெள்ளி வரை கழிவு உண்டு. சொந்தப் பயன்பாட்டுக்கான கணினி, கைப்பேசி, டேப்லெட், புத்தகங்கள், இணையச் சந்தா ஆகியவை எல்லாம் அந்த ஒரே தொகைக்குள் அடங்கும். வீட்டு இணையத்திற்கு மாதம் 120 வெள்ளி கட்டுபவருக்கு 1,440 வெள்ளி அதிலேயே போய்விடும். கணினிக்கு எஞ்சுவது 1,060 வெள்ளிதான். மேலும், இது வருமானத்திலிருந்து கழிக்கப்படும் தொகை; வரியிலிருந்து கழிக்கப்படுவதல்ல. 11 விழுக்காட்டு வரி அடுக்கில் உள்ளவருக்கு அந்த 1,060 வெள்ளியால் மிச்சமாவது ஏறக்குறைய 117 வெள்ளி. எப்படியும் வாங்கப் போகிறவர் ரசீதைத் தம் பெயரில் வாங்கிப் பத்திரப்படுத்துவது நல்லது. வரிக்காகவே தேவையில்லாத கணினியை வாங்குவது, கூப்பனுக்காகக் கடையையே வாங்குவது போலத்தான்.

வாங்குவது என்று முடிவானால்

இன்னும் பத்தாண்டுக்குத் தாங்க வேண்டும் என்று கடையிலேயே விலை அதிகமானதைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. 5,000 வெள்ளியை இன்றே ஒரு கணினியில் போடுவதைவிட, இன்று 2,500 வெள்ளிக்கு ஒன்று, நான்கைந்து ஆண்டு கழித்து 2,500 வெள்ளிக்கு இன்னொன்று என்று வாங்குவது பெரும்பாலோருக்கு இலாபம். இரண்டாவது கணினி இன்றைய விலை உயர்ந்த கணினியைவிடப் புதிய பாதுகாப்போடும் புதிய பேட்டரியோடும் வரும்.

படிப்புக்கும் அலுவலக வேலைக்கும் பெயர்பெற்ற புரோசசரைவிட 16 ஜிபி ரேமும் 512 ஜிபி எஸ்.எஸ்.டி.யும் முக்கியம். பணம் குறைவு என்றால் 8 ஜிபி ரேமோடு வாங்கலாம், ஆனால் பின்னால் கூட்டுவதற்கு இடம் இருக்க வேண்டும். உள்ளூர் உத்தரவாதம் எத்தனை ஆண்டு, பழுதானால் எங்கே கொண்டுபோவது என்று கேட்க வேண்டும். தவணை முறையில் வாங்குவதாக இருந்தால் மாதத் தொகையை மட்டும் பார்க்காமல் மொத்தத் தொகையைக் கூட்டிப் பார்க்க வேண்டும். லோயாட் பிளாசாவில் நான்கு கடை ஏறி இறங்கினாலும், இணையக் கடைகளில் தேடினாலும், ஒரே மாடல் எண்ணை வைத்துத்தான் விலையை ஒப்பிட வேண்டும். பெயர் ஒன்றாக இருந்து உள்ளே ரேம் பாதியாக இருக்கும் மாடல்கள் உண்டு.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியது ஒன்றும் இருக்கிறது. குறைந்தது ஆறு மாதத்திற்கு விலைப் பட்டியலைப் பார்க்கக் கூடாது. வாங்கிய கணினியின் விலை நிச்சயம் எங்காவது குறைந்திருக்கும். அதற்குள் அந்தக் கணினியில் பிள்ளை எழுதி முடித்த பாடங்கள் எத்தனை, வீட்டில் நடந்த வேலைகள் எத்தனை என்பதுதான் போட்ட பணத்திற்கு உண்மையான கணக்கு.